பிரேக் இல்லாத சைக்கிளும் பெயர் இல்லாத பாதையும்

ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று நுவரெலியாவுக்கு ஏறுகிற ஏ-7 வீதியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள், இடையிடையே பிரிந்து தேயிலைக்குள் நுழையும் பாதைகளைப் பார்த்திருப்பார்கள். முகப்பில் தோட்டத்தின் பெயர்ப் பலகை நிற்கும். அதைத் தாண்டினால் எப்போதோ தார் போட்டதற்கான அடையாளம், நடுவில் புல், இரு பக்கமும் லொறிச் சக்கரம் வெட்டிய பள்ளம். கொழுந்து லொறி, ஆட்டோ, பெரட்டுக்குப் போகிற ஆட்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற நோயாளி, எல்லாருக்கும் அந்த ஒரே பாதைதான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதில் சைக்கிளும் ஓடும்.

அந்தச் சைக்கிளைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். யாரோ பாவித்துக் கழித்த ஜப்பான் சைக்கிளாக இருக்கும், இல்லாவிட்டால் நிறம் போன லுமாலாவாக இருக்கும். முன் பிரேக்குக்குக் கம்பியே இராது. பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியும். பள்ளத்தில் இறங்கும்போது பையன் வலது காலைப் பின்னுக்குக் கொண்டுபோய், பாட்டா செருப்பின் அடியைப் பின் டயரில் வைத்து அழுத்துகிறான். அதுதான் அவனுடைய பிரேக். நிற்கும்போது ரப்பர் கருகிய மணம் வரும். அந்தச் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், டயரின் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் விழுந்திருக்கும். தாய் வாங்கித் தருகிற செருப்பு ஏன் ஒற்றைக் காலில் மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

சைக்கிள் கிடைக்காதவர்கள் பெயரிங் வண்டி செய்கிறார்கள். கராஜில் கழித்துப் போட்ட பெயரிங் மூன்றோ நான்கோ, ஒரு பலகைத் துண்டு, முன்னால் ஆணியில் திரும்புகிற ஒரு குறுக்குக் கட்டை, அதன் இரண்டு நுனியிலும் கட்டிய கயிறு. பலகையில் உட்கார்ந்து, காலைக் கட்டையில் வைத்து, கயிற்றைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கொழும்பில் ஸ்கேட்போர்ட் என்று காசு கொடுத்து வாங்குகிற சாமானைத் தோட்டத்துப் பையன்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள். அந்தக் கைவேலையைப் பார்த்து எனக்கு வியப்பு தீர்ந்ததே இல்லை. ஆனால் அதிலும் பிரேக் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்கும். தடுப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால், உயரத்தில் 10 மீற்றர் இறங்குவதற்குள் சக்கரம் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டுவிடும். எதிர்க்காற்றும் குண்டும் குழியும் அதில் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். 50 கிலோமீற்றர் என்பது ஊர்மனைக்குள் காருக்கே சட்டம் வைத்திருக்கிற உச்ச வேகம். 10 மீற்றர் இறக்கம் என்பது மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிற தூரம். மழை நாளில் ஈர ரிம்மைப் பிரேக் கட்டை கவ்வுவதற்குள் சைக்கிள் பல மீற்றர் ஓடிவிடும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றரிலும் நுவரெலியா 1,868 மீற்றரிலும் இருக்கின்றன. இடைப்பட்ட தோட்டங்களில் சமதரை என்று சொல்லப் பெரட்டுக்களமும் கோயில் முற்றமும்தான் உண்டு. மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

இந்தச் சக்கரங்களுக்கு என்ன சட்டம்? ஏ-7 வீதியில் என்றால் பதில் உடனே வரும்: இடது பக்கம் ஓட வேண்டும், பிரேக்கும் மணியும் இருக்க வேண்டும், இருட்டினால் விளக்கு வேண்டும், போக்குவரத்துப் பொலிஸ் நிறுத்தினால் நிற்க வேண்டும். பெயர்ப் பலகையைத் தாண்டி உள்ளே போனால் பதில் சொல்ல ஆளில்லை. நம்முடைய மலையகத்தில் சைக்கிள் சட்டம் பற்றிய பேச்சு, இந்தப் பாதை யாருடையது என்ற கேள்வியில்தான் தொடங்கியாக வேண்டும். அதைத் தீர்க்காமல் ஹெல்மெட்டையும் ரிஃப்ளெக்டரையும் பற்றிப் பேசுவது பிள்ளைகளுக்கு உதவாது.

வகுப்பில் சேராத பாதை

இலங்கையில் வீதிக்கும் வகுப்பு உண்டு. ஏ, பி வகுப்பு வீதிகள் தேசிய நெடுஞ்சாலைகள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண சபைக்குரியவை. அதற்குக் கீழே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை வீதிகள். இந்த மூன்றிலும் சேராமல் தனியாகக் கிடப்பது தோட்டப் பாதை.

அந்தப் பாதையை வெட்டியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். இறம்பொடைக் கணவாயிலிருந்து டயகம வரைக்கும், கல்லை உடைத்து மண்ணைச் சுமந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தபோது, ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி இறங்குவதற்காகத் துரைமார் பாதைகளை அகலப்படுத்தினார்கள். தேயிலை எங்கே போக வேண்டுமோ அங்கே பாதை போனது. லயத்துக்கு வண்டிப் பாதை தேவையென்று அன்று எவரும் நினைக்கவில்லை. இன்றும் பல தோட்டங்களில் ஸ்டோர் வரைக்கும் லொறி போகும், லயத்துக்கு ஒற்றையடிப் பாதையும் படிக்கட்டும்தான்.

யார் தோட்டத்துக்குள் வரலாம், யார் வெளியே போகலாம் என்பதையும் துரையே முடிவுசெய்த காலம் அது. துரை எழுதித் தருகிற துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் பெயர்ந்துவிட முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மட்டும் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆகவே பாதை கிடக்கும் நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, பாதையில் நடப்பவர்கள் அங்கேயே ஐந்தாறு தலைமுறையாக வாழ்கிறவர்கள். குழி விழுந்தால் கம்பனி நட்டக்கணக்கைக் காட்டும், சபை சட்டத்தைக் காட்டும். பிள்ளை விழுந்தால் தாய் தகப்பனைக் காட்டுவார்கள்.

நாலு ரூபாய்

பிரதேச சபைகள் வர்த்தமானியில் வெளியிடுகிற அறிவித்தல்களில் ‘வாகனங்கள், விலங்குகள் வரி’ என்று ஒன்று வரும். கண்ணில் பட்டால் வாசித்துப் பாருங்கள். வியாபாரத்துக்குப் பாவிக்கிற துவிச்சக்கரவண்டிக்கு ஆண்டுக்கு 18 ரூபாய், மற்றச் சைக்கிளுக்கு 4 ரூபாய். மாட்டு வண்டிக்கு 20, கைவண்டிக்கு 10, ரிக்ஷாவுக்கு 7 ரூபாய் 50 சதம், குதிரைக்கு 15, யானைக்கு 50. பழைய காலத்துப் பட்டியல் அப்படியே இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஒரு பிளேன்டீயின் விலைக்குக்கூடக் காணாத இந்த 4 ரூபாயை வசூலிக்க ஒரு உத்தியோகத்தரை அனுப்பினால் அவருடைய பஸ் காசுக்கே பற்றாது. மலையகத்தில் இப்போது சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுக்கிற பழக்கம் அற்றுப்போய்விட்டது என்றே சொல்லலாம்.

ஆனாலும் இந்த வரியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஒரு உள்ளூராட்சி சபை, தன் எல்லைக்குள் ஓடுகிற சைக்கிளை எண்ணி, எழுதி, பார்த்துவைக்க வேண்டும் என்று சட்டம் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறது. அந்த எண்ணத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பிறகு சொல்கிறேன்.

33ஆவது பிரிவு

மலையகத்தில் உள்ளூராட்சி பற்றிப் பேசுகிற எவருக்கும் 33 என்ற எண் மனப்பாடம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் நிதியைச் செலவழிக்கத் தடையாக நின்றது. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பினார்கள். அந்த உறுப்பினருக்கோ தன் லயத்து வாசலில் கிடக்கிற குழியை மூடச் சபையில் காசு கேட்க வழியில்லை. 1948இல் பறிபோன பிரஜாவுரிமை எஞ்சியவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்து சேர்ந்தது. வாக்குரிமை இருந்தும் வீதி இல்லாத நிலை அதற்குப் பிறகும் 15 வருடம் நீடித்தது.

2018இல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. நுவரெலியா, அம்பகமுவ என்று தலா இரண்டு லட்சம் பேர் அளவில் வாழ்கிற பெரும் பிரதேசங்களுக்கு ஒவ்வொரு பிரதேச சபை மட்டுமே இருந்த நிலை மாறி, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் புதிதாக வந்தன. பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தலும் நடந்தது. அதே வருடம் பாராளுமன்றம் பிரதேச சபைகள் சட்டத்தைத் திருத்தி, தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய வழி திறந்தது. போராடிப் பெற்றது அது. அதற்காகக் கையெழுத்துச் சேர்த்தவர்கள், கூட்டம் போட்டவர்கள் பலர்.

அதன் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். கொரோனா வந்தது. 2022இல் பொருளாதாரம் விழுந்தது, டீசல் இல்லை, தார் இல்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது, இரண்டு வருடத்துக்கு மேல் சபை இல்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய சபைகள் கூடின. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையை உடைத்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு வீதிகளையும் ரயில் பாதையையும் அள்ளிக்கொண்டு போனது.

இடிந்த பாதைகளைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். கட்டும்போது பழையபடி லொறிக்கு மட்டும் கட்டப் போகிறோமா, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கட்டப் போகிறோமா என்று கேட்பதற்கு இதைவிட நல்ல தருணம் வராது.

சந்தியில்தான் ஆபத்து

தோட்டப் பாதைக்குள் பிள்ளை விழுந்தால் முழங்கால் கிழியும், கை முறியும். உயிருக்கே ஆபத்தான இடம், பாதை ஏ-7, ஏ-5 போன்ற பெரிய வீதியில் போய்ச் சேர்கிற அந்தக் கடைசி 20 மீற்றர். இறக்கம் அங்கேதான் செங்குத்தாக முடியும். பெரிய வீதியில் வருகிற வான்காரருக்குத் தேயிலைச் செடிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் பாயும் என்று தெரியாது. சைக்கிளில் வருகிற பையனுக்கு நிறுத்த வழியில்லை. பனிமூட்டம் இறங்கினால் இரண்டு பேருக்கும் கண் தெரியாது. ஹட்டன் - நுவரெலியா வீதியில் பனிமூட்டம், முன்விளக்கை எரியவிட்டு மெதுவாக ஓட்டுங்கள் என்று பொலிஸார் வருடத்துக்குப் பல தடவை அறிவிக்கிறார்கள். சைக்கிளில் எரியவிட விளக்கே இல்லை.

‘ரோட்டுப் பக்கம் போயிறாத’ என்பது மலையகத்துத் தாய் ஒவ்வொருத்தியும் தினமும் சொல்லும் வார்த்தை. அதில் நியாயம் இருக்கிறது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றிவந்த பஸ் கட்டுப்பாட்டை இழந்து வானிலும் ஆட்டோவிலும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எத்தனையோ பேர் ஓட்டத் தெரிந்தவர் என்று நம்பி ஏறிய வாகனங்கள் அவை. மலை இறக்கம் பெரிய பஸ்ஸுக்கே இப்படி என்றால், செருப்பைப் பிரேக்காக வைத்திருக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி?

ரதல்லவில் ஏழு உயிர் போன பிறகு அந்தக் குறுக்கு வீதியில் கனரக வாகனங்கள் ஓடத் தடை வந்தது. ஒரு குறிப்பிட்ட இறக்கத்துக்கு, ஒரு குறிப்பிட்ட வகை வாகனத்துக்கு என்று உள்ளூரிலேயே விதி போட முடியும் என்பதற்கு அது சான்று. சாவுக்குப் பிறகு போட முடிந்த விதியை முன்கூட்டியே போடுவதில் சட்டத்துக்கு என்ன கஷ்டம் என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

தடை போட்ட நாடு

தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்துக்குள் சைக்கிள் ஓடக் கூடாது, பெயரிங் வண்டி கண்டால் உடைத்துப்போடு என்று அறிவித்தல் ஒட்டுவது சுலபமான வேலை. நோர்வே நாடு அதைச் செய்து பார்த்தது. 1978இல் ஸ்கேட்போர்டை விற்பது, கொண்டுவருவது, ஓட்டுவது எல்லாவற்றையும் தடைசெய்தார்கள். பிள்ளைகளுக்கு அடிபடுகிறது என்பதுதான் காரணம். 11 வருடம் தடை இருந்தது. பையன்கள் காட்டுக்குள் போய் ஒளித்துவைத்துச் சறுக்கினார்கள். 1989இல் தடையை எடுத்தார்கள். நோர்வேயின் பொலிஸாலும் வசதியாலும் முடியாததை ஒரு தோட்டத்து வாச்சரை வைத்து முடிப்போம் என்று நினைப்பது வீண். அதோடு, தடை என்பது மலையகத்தில் வேறு ஒரு ஞாபகத்தையும் கிளறும். யார் எந்தப் பாதையில் போகலாம் என்று சொல்கிற அதிகாரத்தை நிர்வாகத்தின் கையில் நாமே திருப்பிக் கொடுப்பதாக அது ஆகும். நான் அதற்கு ஒரு நாளும் கைதூக்க மாட்டேன்.

மலைக்குச் சைக்கிள் எதற்கு என்ற இன்னொரு வாதமும் உண்டு. தமிழ்நாட்டில் 2001-02இல் தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம் சமவெளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மலைப்பகுதி மாணவர்களுக்கு அங்கே ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பூட்ஸும் கொடுக்கிறார்கள். அது புத்தியான காரியம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போன நம் சனம் நீலகிரித் தேயிலைக்குள் அதே மாதிரி ஏற்ற இறக்கத்தில்தான் வாழ்கிறது. அவர்களுக்கும் மலையில் சைக்கிள் மிதிக்கிற கஷ்டம் தெரியும். ஆனால் பிள்ளைகள் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் ஏறி வருகிறார்கள் என்பது கண்கண்ட உண்மை. பள்ளிக்கூடத்துக்குப் போக வர நாளுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் நடக்கிற பிள்ளைக்கு, திரும்பி வருகிற பாதி வழி மிச்சமானால் அது சின்ன விஷயமா? 2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது சைக்கிளின் விலை கண்ணைக் கட்டும் அளவுக்கு ஏறியது. அப்போது அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போவது அன்றாடக் காட்சி. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி கப்பலேறிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. மலையகத் தோட்டத்தில் சைக்கிளில் போகிற ஒரு பெண் பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். பாதை மோசம் என்பது பாதிக் காரணம்தான். மீதியை நாம் வீட்டுக்குள்ளே பேசித் தீர்க்க வேண்டும்.

பாதை சிலருக்கு மட்டும் திறக்கிறது

தோட்டப் பாதையில் சக்கரம் ஓடுவது புதிதும் அல்ல, தகாததும் அல்ல. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கும். 1930களிலிருந்து வருகிற வழக்கம். தேயிலைத் தோட்டத்துப் பாதையைத்தான் அதற்கு மூடிக் கொடுக்கிறார்கள். மணல் மூட்டை, கொடி பிடிக்கிற ஆள், அம்புலன்ஸ், நேரக் கணக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரைக்கும் 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ பாதையும் பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள்தான். வெளிநாட்டுக்காரர்கள் நடந்தும், மலைச் சைக்கிளில் சில இடங்களில் இறங்கியும் வருகிறார்கள். அவர்கள் தலையில் ஹெல்மெட், சைக்கிளில் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரு வழிகாட்டி. கிரகரி வாவிக் கரையில் மணிக்கணக்குக்குச் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம்.

இதெல்லாம் இருக்கட்டும், நல்லது. பணம் வருகிறது, ஊர் பெயர் வெளியே தெரிகிறது. ஒரு பாதையைப் பத்திரமான பாதையாக்குவது எப்படி என்று நுவரெலியாவுக்கு நன்றாகத் தெரியும் என்பதே இதிலிருந்து எனக்குக் கிடைக்கிற செய்தி. அந்தத் தெரிந்த வேலையை, அதே பாதையின் ஓரத்தில் பிறந்து வளர்கிற பிள்ளைக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சபை என்ன செய்யலாம்

பிரதேச சபைக்கு உபவிதி ஆக்கும் அதிகாரம் உண்டு. தீர்மானம் நிறைவேற்றி, அனுமதி பெற்று, வர்த்தமானியில் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பாதையைச் சபை வீதியாக வர்த்தமானியில் ஏற்ற வேண்டும்: பெயர், நீளம், அகலம். அது நடந்தால்தான் குழிக்கு ஒரு பொறுப்பாளி கிடைப்பார். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கிற அம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லவும் ஒரு பெயர் கிடைக்கும். லயத்துக்கு விலாசம் இல்லாமல் கடிதம் தோட்ட ஆபிஸில் தப்பால்காரனின் பையில் கிடந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாதைக்குப் பெயர் வந்தால் வீட்டுக்கும் இலக்கம் வரும்.

விதியைப் பொறுத்தவரை, என் மனதில் முதலில் நிற்பது சந்தி. பெரிய வீதியைச் சேர்வதற்கு 20 மீற்றர் முன்னால், எந்தச் சைக்கிளும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக முடியும் என்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு குறுக்குக் கம்பிகளைப் பாதையின் ஓரப் பாதியில் நட்டுவிடலாம். லொறி போகிற பாதிக்கு வேகத்தடை. பெரிய வீதியில் வருகிறவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற மாதிரி ஒரு எச்சரிக்கைப் பலகை. அதற்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒத்துழைக்க வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கிற வேலை அல்ல. தேயிலை ஸ்டோரில் கழித்த இரும்புக் குழாயே போதும்.

அடுத்தது நேரம். கொழுந்து நிறுக்கிற நேரம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். லொறி வருகிற நேரமும் தெரியும். அந்த நேரத்தில் பாதை லொறிக்கு, மற்ற நேரத்தில் பின்னேரம் இருட்டும் வரைக்கும் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை பிள்ளைகளுக்கு என்று எழுதிவைத்தால் டிரைவருக்கும் நிம்மதி. பெயரிங் வண்டிக்கு மைதானத்துச் சரிவோ, கார் போகாத ஒரு துண்டுப் பாதையோ ஒதுக்கிக் கொடுக்கலாம்.

இனி அந்த 4 ரூபாய். அதை வரியாக வசூலிப்பதில் பயனில்லை என்று பார்த்தோம். அதையே பிரேக் பரிசோதனையாக மாற்றலாம். வருடத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடத்திலோ பெரட்டுக்களத்திலோ, டவுனிலிருந்து ஒரு சைக்கிள் பாஸைக் கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டும். பிரேக் கட்டை மாற்றி, கம்பி இழுத்து, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி, சபையின் வில்லையைக் கொடுத்து அனுப்பட்டும். பிரேக் கட்டைக்கும் கம்பிக்கும் ஆகிற செலவைச் சபை போடட்டும். தோட்டத்துப் பெற்றோரிடம் அபராதம் கேட்கிற விதி எதையும் நான் ஆதரிக்கவில்லை. நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்ற சனத்திடம், பிள்ளையின் சைக்கிளில் விளக்கு இல்லை என்று தண்டம் அறவிடுவது விதியின் நோக்கத்தையே கெடுத்துவிடும். விதி பிள்ளையைத் தண்டிக்கப் புறப்பட்டால் பிள்ளை ஒளிப்பான். ஒளிக்கிற பிள்ளை இன்னும் இருட்டான பாதைக்குப் போவான்.

அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா, அம்பகமுவ, நுவரெலியா, ஆறு பிரதேச சபைகளிலும் தோட்டத்திலிருந்து வந்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை நகர சபைகளின் எல்லையிலும் லயங்கள் உண்டு. கம்பனியின் இணக்கம் வேண்டும், மாகாண சபையின் கையெழுத்து வேண்டும், காசு வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்தான். ஆனால் சபையின் பதிவில் பாதையே இல்லாதபோது எந்த அமைச்சின் காசும் அதற்கு வராது. பாதையை அளந்து எழுதுவது தோட்டத்து மக்களால் செய்யக்கூடிய வேலை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், ஓரத்தில் எத்தனை லயம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர், பெரிய வீதியில் எந்த வளைவில் போய்ச் சேர்கிறது. ஒரு அளவு நாடாவும் உயர்தரம் படிக்கிற நாலு பிள்ளைகளும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். வருடக் கடைசியில் சபை தன் வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பதற்கு முன்னால் அந்தத் தாள் தவிசாளரின் மேசையில் இருக்க வேண்டும்.